பழைய காருக்கு வீட்டிலேயே கிளட்ச் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்குப் பக்கத்தில் மாருதி 800, ஆம்னி, பழைய ஜென், எஸ்டீம் எல்லாம் இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்துக்கு, சந்தைக்கு, நோம்பிக்கு ஊருக்குப் போக என்று வீட்டு ஆள் போலவே வைத்திருக்கிறார்கள். மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றுபோனாலும் அதற்கு உதிரி பாகம் தேடி யாரும் அலைவதில்லை. இப்படிப்பட்ட கேபிள் கிளட்ச் வண்டிகளை, அதாவது பெடலை மிதித்தால் கம்பிக் கேபிள் இழுத்து கிளட்ச் இயங்கும் வண்டிகளை, மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்கள். கிளட்ச் வேலையில் பெரும்பாடு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான். எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வட்டான கிளட்ச் பிளேட்டை மாற்றுவது சின்ன வேலை. அதனால் இறக்குவதற்கு முன் கிளட்ச்தான் போயிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இறக்கிய பிறகு அதன் பின்னால் இருப்பதை எல்லாம் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.

மேட்டில் ஏறும்போது எஞ்சின் மட்டும் அலறுது, வேகம் ஏறலைங்க. கிளட்ச் போயிருச்சா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேபிளைப் பாருங்கள். கிளட்ச் பெடலைக் கையால் அழுத்தினால் முதலில் கொஞ்ச தூரம் லேசாக இறங்கி, அப்புறம்தான் கனக்க வேண்டும். அந்த லேசான தூரம்தான் பிளே. பிளேட் தேயத் தேய இந்தப் பிளே குறைந்துகொண்டே வரும். பிளே சுத்தமாக இல்லாவிட்டால் நீங்கள் மிதிக்காதபோதும் ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் பேரிங்) பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் மூடி) அழுத்திக்கொண்டே இருக்கும். நல்ல பிளேட்கூட வழுக்கும். கேபிள் நட்டைத் தளர்த்திப் பிளே கொடுத்ததும் வழுக்கல் நின்றுவிட்டால் உங்களுக்குப் பெரிய செலவு மிச்சம். ஆனால் வழுக்கவிட்டே ரொம்ப நாள் ஓட்டியிருந்தால் பிளேட்டும் கருகியிருக்கும்.

பிளே சரியாக இருந்தும் வழுக்குகிறதா? சமதளத்தில், முன்னால் யாரும் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாம் கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி அணைந்துவிடும். பெடலை முழுக்க விட்டும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தீர்ந்துவிட்டது. இந்தச் சோதனை ஒரு முறை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சம் இருப்பதும் எரியும்.

ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம், கியரும் விழ மாட்டேங்குது. இதுவும் பிளேட்டா?

இது வேறு கோளாறு. வழுக்கும்போது கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். கியர் விழாதபோது சரியாக விடவில்லை என்று பொருள். பிளே அதிகமாக இருக்கலாம். கேபிள் உள்ளே இழை இழையாக அறுந்து நீண்டிருக்கலாம். ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் வளைந்திருக்கலாம், அதன் புஷ் தேய்ந்திருக்கலாம். பிரஷர் பிளேட் நடுவில் விரல் விரலாக நிற்கும் ஸ்பிரிங் நுனிகளும் தேய்ந்திருக்கலாம். கேபிள் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை, விலையும் பெரிதில்லை. அதனால் சந்தேகம் வந்தால் முதலில் கேபிளையே மாற்றிப் பாருங்கள்.

மாசக்கணக்கில் நின்ன வண்டி. கிளட்ச்சை மிதிச்சாலும் விடலை.

மகன் வெளியூர் போய்விட, வண்டி சாளையில் ஒரு மழைக்காலம் முழுக்க நின்றிருக்கும். ஈரத்தில் ஃபிளைவீல் (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்) துருப்பிடித்து பிளேட் அதோடு ஒட்டிக்கொள்ளும். பெடலை அடிவரைக்கும் அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். பல நேரம் தானாக விட்டுவிடும். விடாவிட்டால் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, களம் போலத் திறந்த இடத்தில் இரண்டாம் கியரில் ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி உடனே நகரும், எச்சரிக்கை. கிளட்ச்சை மிதித்தபடி ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று கொடுத்துக் கொடுத்து விட்டால் பிய்ந்துவிடும். குழந்தைகளும் ஆடு மாடும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச்சை மிதிச்சா மட்டும் ஒரு சத்தம் வருது.

மிதித்தால் வந்து விட்டால் நின்றால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் விட்டிருக்கும்போது வந்து, மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸ் உள்ளே இன்புட் ஷாஃப்ட் (பிளேட்டிலிருந்து சுழற்சியை வாங்கும் தண்டு) பேரிங். முதலாவது கிளட்ச் வேலையோடு முடியும். இரண்டாவது கியர்பாக்ஸைப் பிரிக்கிற வேலை, அதை வீட்டில் தொட வேண்டாம். கியர்பாக்ஸ் எப்படியும் கீழே இறங்கும் என்பதால் அதைத் தெரிந்த பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பேரிங்கை மாற்றி வாங்கி வந்துவிடலாம்.

வீட்டில் செய்யக்கூடிய வேலைதானா?

பிரேக் ஷூ மாற்றியிருக்கிறீர்கள், ஆக்ஸில் பூட் மாற்றியிருக்கிறீர்கள் என்றால் இதுவும் முடியும். ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லை என்றால் இதில் ஆரம்பிக்காதீர்கள். ஆள் பலமும் வேண்டும். மாருதி 800 கியர்பாக்ஸ் சின்னதுதான் என்றாலும் படுத்த வாக்கில் நெஞ்சுக்கு மேலே தாங்கும்போது அதன் கனம் தெரியும். தனியாக இறக்காதீர்கள்; மச்சானையோ பங்காளியையோ கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை செய்கிறவர் சனி, ஞாயிறு இரண்டு நாளையும் ஒதுக்குவது நல்லது. பொழுதோட ஆரம்பித்து டார்ச் வெளிச்சத்தில் செய்கிற வேலை இல்லை.

டூயல் மாஸ் ஃபிளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாகச் செய்த ஃபிளைவீல்) உள்ள பிற்கால டீசல் கார்களை வீட்டில் முயல வேண்டாம்.

என்னென்ன வாங்கணும்?

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக வாங்குங்கள். பிளேட் மட்டும் மாற்றி மற்ற இரண்டையும் பழையதாக விட்டால் ஒரு வருஷத்தில் பேரிங் கத்தும், மறுபடியும் கியர்பாக்ஸ் இறங்கும். இதோடு கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) பின்பக்க ஆயில் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், இரண்டு ஆக்ஸில் சீல், ஃபோர்க் புஷ், கேபிள், கியர் ஆயில், புது ஸ்ப்ளிட் பின்கள். இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இருக்கும் எஞ்சின் என்றால் அதுவும். சீல்களின் விலை கிளட்ச் செட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் பத்து நாள் கழித்து ஒழுக ஆரம்பித்தால் புது பிளேட்டையே கெடுத்துவிடும்.

கோவையில் நஞ்சப்பா ரோட்டுக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஈரோடு, திருப்பூர், சேலத்திலும் பஞ்சமில்லை. வேலியோ, லுக், எக்ஸெடி போன்ற பெயர்களில் போலி அட்டைப் பெட்டியும் சுற்றுகிறது என்பதால் பில் போட்டுத் தருகிற கடையில் வாங்குங்கள். வண்டியின் ஆண்டும் மாடலும் சொல்லிக் கேளுங்கள். கடையிலேயே புது பிளேட்டின் விட்டத்தையும் நடுத்துளைப் பற்களின் எண்ணிக்கையையும் குறித்து வைத்துக்கொண்டு, வீட்டில் பழசோடு ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்கள். பழைய இரும்புக் கடையில் கதவு, கண்ணாடி, பம்பர் தாராளமாக வாங்கலாம். கிளட்ச் மட்டும் செகண்ட் ஹாண்ட் வேண்டாம்.

பழைய பிளேட்டுக்கு லைனிங் மட்டும் அடிச்சுக்கலாமா?

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிக்காரர்களிடம் லைனிங், அதாவது பிளேட்டின் முகத்தில் உள்ள உராயும் பட்டை, அடிப்பதெல்லாம் பழகிப்போன வேலை. பெரிய பிளேட்டுக்கு அது கட்டுப்படியாகும். சின்ன காருக்கு வேண்டாம். நடுவில் உள்ள ஸ்பிரிங்குகளும் பற்களும் சேர்ந்துதான் தேய்ந்திருக்கும். லைனிங் புதிதானாலும் அவை பழசுதான்.

எந்த இடத்தில் வேலை செய்வது?

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். உயிர் போகிற இடம் இது ஒன்றுதான்.

சமமான கான்கிரீட் தரை வேண்டும். செம்மண் வாசலிலும் கரிசல் காட்டிலும் ஜாக் மெதுவாகப் புதையும், முதலில் கண்ணுக்கே தெரியாது. ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஒரு ஜோடி ஸ்டாண்டை வாங்குங்கள், இல்லாவிட்டால் தெரிந்த பட்டறையில் இரவல் கேளுங்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கிற ஹாலோ பிளாக்கை அடியில் கொடுக்கவே கூடாது. சுவரில் பாரம் பரவலாக இறங்குவதால் அது தாங்குகிறது. காரின் பாரம் ஒரே புள்ளியில் இறங்கினால் எந்த அறிகுறியும் காட்டாமல் நொறுங்கும். செங்கல் அடுக்கும் அப்படித்தான். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லை என்றால்தான் உள்ளே தலையை விட வேண்டும். கழற்றிய சக்கரத்தையும் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், அது இரண்டாவது காவல்.

கியர்பாக்ஸை எப்படி இறக்குவது?

மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். மாருதி 800 போன்ற முன்சக்கர இழுவை வண்டிகளுக்குப் பொதுவான வரிசை இது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், கிளட்ச் கேபிள், கியர் ராடு இணைப்பு எல்லாம் கழலட்டும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கியர் ஆயில். வடிக்கும் பிளக்கைத் தொடுவதற்கு முன் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து இறுகிக்கிடந்தால் ஆயிலை வடித்துவிட்டுத் திரும்ப ஊற்ற வழியில்லாமல் உட்கார வேண்டியிருக்கும்.

கீழே லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டைப் பிரித்தால் சக்கரப் பகுதி வெளியே சாயும். அப்போது ஆக்ஸிலை கியர்பாக்ஸ் பக்கம் நெம்பி எடுத்துவிடலாம். ஹப் நட்டைத் தொட வேண்டிய அவசியம் பல நேரம் வராது. ஆக்ஸிலைத் தொங்கவிடாமல் கயிற்றால் கட்டிவையுங்கள். பிறகு எஞ்சின் அடியில் கட்டை வைத்து ஜாக்கால் தாங்கி, கியர்பாக்ஸ் மவுண்டிங்கைக் கழற்றி, பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் மணி வடிவக் கூடு) போல்ட்டுகளை எடுங்கள். நீளம் வேறுபடும் என்பதால் ஓர் அட்டையில் வட்டம் வரைந்து, எந்த போல்ட் எங்கே இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள்.

ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே, இழுவை பின்சக்கரத்தில். அதனால் ஆக்ஸில் வேலை இல்லை; பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். போல்ட் போடும் முகமான ஃபிளாஞ்சில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதே நிலையில் திரும்ப மாட்டாவிட்டால் ஓட்டும்போது அதிரும்.

கழற்றியாச்சு. உள்ளே என்ன பார்க்கணும்?

முதலில், உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

பழைய பிளேட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பது அதில் தெரியும். ரிவெட் தலைக்கும் லைனிங் மேற்பரப்புக்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் அதன் ஆயுள் முடிந்தது. மேற்பரப்பு கண்ணாடி போல் மினுங்கினால் சூட்டில் இறுகிப்போயிருக்கிறது. எண்ணெய் படிந்திருந்தால் எந்த எண்ணெய் என்று கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள். விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில், அதாவது இன்புட் ஷாஃப்ட் சீல் கசிகிறது. கறுப்பாக, அந்த வாடை இல்லாமல் இருந்தால் எஞ்சின் ஆயில், கிராங்க் சீல். எது கசிந்தாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

பிரஷர் பிளேட்டின் விரல் நுனிகளில் பேரிங் அறுத்த பள்ளம் இருக்கிறதா, எல்லா விரல்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஃபோர்க்கில் விரிசல் தேடுங்கள். ரிலீஸ் பேரிங் நகரும் குழாயில் வரி விழுந்திருந்தால் பெடல் எப்போதும் சொரசொரவென்றுதான் இருக்கும்.

ஃபிளைவீலை லேத்தில் கொடுக்கணுமா?

நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கும் அளவு பள்ளம் இருந்தாலோ, நீலத் திட்டுகள் இருந்தாலோ கொடுங்கள். ஆழமான விரிசல் இருந்தால் வேறு ஃபிளைவீல்தான். கணபதி, பீளமேடு பக்கம் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கிற ஊர் நம்முடையது. ஆனால் கிளட்ச் ஃபிளைவீல் என்று சொல்லிக் கொடுங்கள். குறைந்தபட்சம்தான் சீவ வேண்டும். பிளேட் படும் முகமும் பிரஷர் பிளேட் உட்காரும் முகமும் வெவ்வேறு மட்டத்தில் உள்ள ஃபிளைவீல் என்றால் இரண்டிலும் ஒரே அளவு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் மாறிவிடும். கழற்றும் முன் கிராங்கிலும் ஃபிளைவீலிலும் சேர்த்து ஒரு குறி போடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் கடிக்கும் ரிங் கியர் பற்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

புது பிளேட் மாட்டும்போது எதில் கவனம்?

புது பிரஷர் பிளேட்டில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். தின்னரில் நனைத்த துணியால் அதையும் ஃபிளைவீலையும் துடைத்து, அதன் பிறகு எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். பிளேட்டில் ஃபிளைவீல் பக்கம் எது என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். பொதுவாக ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்கும். மாற்றி மாட்டினால் கிளட்ச் விடவே விடாது. டம்மி ஷாஃப்ட்டை (பிளேட்டை நடுவில் நிறுத்த உதவும், இன்புட் ஷாஃப்ட் போன்ற தண்டு) செருகி பிளேட்டை நடுவில் நிறுத்திவிட்டு, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே போல்ட்டை முழுக்க இறுக்கினால் கவர் கோணிவிடும். கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சும் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவும்தான். இன்புட் ஷாஃப்ட் பற்களில் கிரீஸ் லேசாக, பூசியது தெரியாத அளவுக்குப் போதும். அதிகம் வைத்தால் சுழலும்போது தெறித்துப் புது லைனிங்கில்தான் விழும்.

கியர்பாக்ஸ் உள்ளே போய் அரை இன்ச்சில் நின்னுக்குது. போல்ட்டைப் போட்டு இழுத்துறலாமா?

வேண்டவே வேண்டாம். அலுமினிய ஹவுசிங்கின் காது உடையும், அல்லது பிளேட்டின் நடுப்பகுதி வளையும். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் பொறுமை போகிறது.

ஒருவர் ஜாக்கை அரைச் சுற்று ஏற்றி இறக்க, இன்னொருவர் எஞ்சினுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சுற்றிப் பார்க்கட்டும். மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் இடைவெளி என்றால் கியர்பாக்ஸ் சாய்ந்து நிற்கிறது. இடைவெளி சுற்றிலும் ஒன்றாக வரும்வரை சரிசெய்யுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, கியர்பாக்ஸின் வெளியேறும் பக்கத்தைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். முன்சக்கர வண்டியில் ஆக்ஸில் துளையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். ஷாஃப்ட்டின் பல்லும் பிளேட்டின் பல்லும் நேராகிற அந்த நொடியில் கியர்பாக்ஸ் 'டொக்'கென்று தானாக முன்னால் போய் உட்காரும். அரை மணி நேரம் முட்டியும் போகவில்லை என்றால் வெளியே எடுத்து டம்மி ஷாஃப்ட்டால் பிளேட்டை மறுபடி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். எந்த நேரத்திலும் கியர்பாக்ஸின் கனம் முழுக்க இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கக் கூடாது.

கேபிளை எவ்வளவு வைப்பது?

கேபிள் கிளட்ச் வண்டிகளில் பொதுவாகப் பெடலில் 15 முதல் 25 மில்லிமீட்டர் பிளே. உங்கள் மேனுவல் வேறு சொன்னால் அதுதான் சரி. கியர் ஆயிலை மேனுவலில் உள்ள தரத்தில், ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்புங்கள். ஐநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பிளேயை மறுபடி பாருங்கள்.

வேலை முடிஞ்ச வாரமே வால்பாறை போகலாமா?

போகாதீர்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்தில் 27, கொல்லிமலையில் 70. புது லைனிங் ஃபிளைவீலோடு பொருந்துவதற்கு முன் இந்த வளைவுகளில் அரைக் கிளட்ச்சில் ஏற்றினால் மேற்பரப்பு முதல் நாளே கருகும். முதல் 500 கிலோமீட்டர் ஊருக்குள்ளும் சமவெளியிலும் பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள்.

மலையில் கிளட்ச்சைத் தின்பது இரண்டு பழக்கங்கள். ஒன்று, முன்னால் பஸ் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் அரைக் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்பது. இன்னொன்று, வளைவு முடிந்தும் இடது காலைப் பெடல் மேலேயே வைத்திருப்பது. காலின் கனமே பேரிங்கை அழுத்தப் போதும்.

எந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடணும்?

போல்ட் தலை உருண்டுவிட்டால், கிராங்கைக் கையால் முன்னும் பின்னும் தள்ளும்போது கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடினால், இன்புட் ஷாஃப்ட் பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடினால், ஹவுசிங்கில் விரிசல் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். மாட்டி முடித்த பிறகு கியர் விழவில்லை என்றால் எஞ்சினை ஓட்டிக்கொண்டே கியரைத் திணிக்காதீர்கள். முதலில் கேபிள் பிளேயைப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். எந்தப் பக்கமாக பிளேட் மாட்டினீர்கள், எதை எல்லாம் மாற்றினீர்கள் என்று மறைக்காமல் சொல்லி, எடுத்த படங்களையும் காட்டுங்கள். வடித்த கியர் ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றுமேட்டிலோ கொட்டாமல் கேனில் பிடித்து வைத்திருந்து, பழைய ஆயில் வாங்குகிற ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.